பென்ஷனுக்குப் பிறகு எந்தக் கணினிப் பணி? சிக்னல்ஸ் வீரர் முன் உள்ள வழிகள்

தரைப்படையின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸிலோ, விமானப்படையின் தகவல் தொடர்பு டிரேடுகளிலோ (பணிப்பிரிவுகளிலோ), கடற்படையின் மின்னணுப் பிரிவிலோ பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் வரை பணியாற்றிவிட்டு, நாற்பது வயதை ஒட்டி ஊர் திரும்பும் ஒருவருக்குச் சுற்றத்தார் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: வங்கித் தேர்வு எழுது. ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இந்த அறிவுரைக்குப் பின்னால் தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிட இடமில்லை. ஆனால் படையில் இருந்த காலத்தில் ரூட்டரையும் சர்வரையும் கண்ணாடி இழைக் கம்பிவடத்தையும் கையாண்டவருக்கு வேறு வழிகளும் உண்டு. எந்த வழி சிறந்தது என்று மட்டும் பார்த்துவிட்டு, எந்த வழியை முதலில் எடுப்பது, எதைப் பின்னர் எடுக்க இயலும் என்பதைப் பார்க்காமல் முடிவெடுப்பதால்தான் பலருடைய தொழில்நுட்ப அறிவு ஓரிரு ஆண்டுகளிலேயே பயனற்றுப் போகிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கையிருப்பைக் கணக்கிட வேண்டும். 1911-இல் தொடங்கப்பட்ட சிக்னல்ஸ் பிரிவு தன் வீரர்களை ஜபல்பூரிலும் கோவாவிலும் உள்ள பயிற்சி மையங்களில் தயார் செய்கிறது. உயர்பயிற்சி மாவ் நகரில் உள்ள தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரியில் நடக்கிறது. விமானப்படை வீரர்களுக்குப் பெங்களூரு ஜாலஹள்ளியும், கடற்படையினருக்கு ஜாம்நகரில் உள்ள ஐஎன்எஸ் வல்சுராவும் அத்தகைய இடங்கள். 2010-இல் விமானப்படை தனக்கென ஏஎஃப்நெட் என்ற கண்ணாடி இழை வலையமைப்பைத் தொடங்கியதற்குப் பிறகு அங்கே பணியாற்றியவர்கள், ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொறியாளர் பார்க்கும் வேலைக்கு நெருக்கமான வேலையையே பார்த்திருக்கிறார்கள். இணைப்பு அறுந்தால் நள்ளிரவிலும் பழுதைக் கண்டுபிடிப்பது, மின்சாரம் போனால் யுபிஎஸ்ஸும் ஜெனரேட்டரும் எந்த வரிசையில் இயங்க வேண்டும் என்று அறிவது, நடந்ததை நடந்த நேரத்திலேயே பதிவேட்டில் எழுதுவது, அடுத்த ஷிப்ட்டுக்கு எதையும் மறைக்காமல் ஒப்படைப்பது ஆகியவை சிவில் நிறுவனங்கள் பணம் செலவழித்தும் எளிதில் கற்றுக்கொடுக்க முடியாத பழக்கங்கள். மறுபக்கம், படையின் வலையமைப்புகள் பொது இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டவை என்பதால், இன்றைய நிறுவனங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கிளவுட் தளங்கள், தானியங்கி ஸ்கிரிப்ட்டுகள், டிக்கெட் முறையில் வேலையை நகர்த்தும் மென்பொருள்கள் ஆகியவற்றை வீரர் தொட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

டிரேடின் பெயரை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. ஒரே டிரேடில் இருந்த இருவரில் ஒருவர் சுவிட்சுகளை அமைத்து, ஃபயர்வால் விதிகளை எழுதி, சர்வரை மீட்டெடுத்திருப்பார். மற்றவர் அலுவலகக் கணினியில் கடிதம் தட்டச்சு செய்து, அச்சு எந்திரத்தைப் பராமரித்திருப்பார். இருவரும் தங்களைக் கணினிப் பிரிவு என்றே சொல்லிக்கொள்வார்கள். கீழே சொல்லப்படும் வழிகளில் எது பொருந்தும் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. அதைத் தமக்குத் தாமே மறைத்துக்கொள்வது நேர்காணலின் பத்தாவது நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

இனி வங்கியும் அரசுப் பணியும். மத்திய அரசின் சி பிரிவுப் (எழுத்தர் போன்ற நிலைகளின்) பணிகளில் 10 விழுக்காடும், பொதுத்துறை வங்கிகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் அதே பிரிவில் 14.5 விழுக்காடும் முன்னாள் படைவீரர்களுக்காக ஒதுக்கப்படுகின்றன. வங்கி எழுத்தர் தேர்வு மாநில வாரியாக நடப்பதாலும் உள்ளூர் மொழியறிவு கேட்கப்படுவதாலும், தமிழ்நாட்டுக்கு விண்ணப்பித்தவர் தமிழ்நாட்டுக்குள்ளேயே பணியாற்றலாம்; பல ஆண்டுகள் குடும்பத்தைப் பிரிந்து எல்லையிலும் பாலைவனத்திலும் கழித்தவருக்கு இதன் அருமை தெரியும். அதிகாரி நிலைக்குக் கீழே ஓய்வு பெற்றவருக்கு மறுவேலைவாய்ப்பில் ஊதியம் நிர்ணயிக்கும்போது பென்ஷன் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்பதும் பெரிய நன்மை. பதினைந்து ஆண்டு சேவை முடித்த, பத்தாம் வகுப்புத் தேறிய வீரரைப் பட்டதாரிக்கு இணையாகக் கருதும் சலுகையும் இங்கே கைகொடுக்கிறது.

ஆனால் இந்தச் சலுகையின் எல்லையைப் பலர் கவனிப்பதில்லை. தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத, ஒதுக்கீட்டுக்கு உட்பட்ட சி பிரிவுப் பணிகளுக்கே அந்த இணைத்தகுதி செல்லும். வங்கியின் தகவல் தொழில்நுட்ப அதிகாரி பணிக்குப் பொறியியல் பட்டமோ அதற்கு ஈடான கணினிக் கல்வியோ வேண்டும். வயது வரம்பும் 30-தான். ஆகவே சிக்னல்ஸில் இருந்து வரும் ஹவில்தார் வங்கியில் சேர்ந்தால் பெரும்பாலும் கவுண்டரில் உட்காருகிறார். வங்கியின் சர்வர் அறைக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இருப்பதில்லை. தனியார் நிறுவனங்களோ அந்த இணைத்தகுதியைப் பட்டமாகவே ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லாதவை. எனவே எந்த வழியில் செல்பவராக இருந்தாலும், சேவையில் இருக்கும்போதே தொலைநிலைக் கல்வியில் ஒரு பிசிஏ பட்டத்தையாவது முடித்துவிடுவது நல்லது.

வங்கித் தேர்வை உடனே எழுத வேண்டும் என்ற அவசரத்துக்குச் சொல்லப்படும் காரணம் வயது. அந்தக் காரணம் கணக்கில் நிற்பதில்லை. எழுத்தர் பணிக்கு வயது வரம்பு 28; முன்னாள் படைவீரருக்கு உண்மையான வயதிலிருந்து சேவைக் காலத்தையும் மேலும் மூன்று ஆண்டுகளையும் கழித்துப் பார்க்கிறார்கள்; உச்ச வரம்பு 50. இருபது வயதில் சேர்ந்து பதினெட்டு ஆண்டு சேவை முடித்து 38 வயதில் வெளிவரும் ஒருவருக்குக் கழிக்கத்தக்கது 21 ஆண்டுகள் என்பதால், தேர்வின் கண்ணில் அவருடைய வயது 17. நாற்பத்தெட்டு வயதில்கூட அவர் 27 வயதுக்காரராகவே கருதப்படுவார். இதோடு 2014-ஆம் ஆண்டு அரசாணை ஒன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி ஒருமுறை நிரந்தர அரசுப் பணியில் சேர்ந்தவர், அதற்கு முன்பே விண்ணப்பித்திருந்த பிற பணிகளைப் பற்றிச் சேர்ந்தவுடன் எழுத்தில் தெரிவித்திருந்தால் ஒழிய, மறுபடி அந்த ஒதுக்கீட்டைக் கோர முடியாது. தனியார் பணிக்கு இந்தத் தடை இல்லை. தனியாரில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வங்கிக்கு வரலாம். ஒதுக்கீடு அப்படியே இருக்கும். வங்கியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு வலையமைப்புத் துறைக்குத் திரும்ப நினைப்பவரிடமோ, கடைசியாக எப்போது ஒரு ரூட்டரைத் தொட்டீர்கள் என்று கேட்பார்கள். எனவே இரண்டில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பது தெளிவு. வயது கூடக்கூட தேர்வுக்கான கணிதமும் வேகமும் கடினமாகும் என்பது உண்மைதான். தாய்தந்தையரின் உடல்நிலையோ பிள்ளைகளின் படிப்போ உடனடியாகச் சொந்த ஊரில் இருக்கச் சொல்லுமானால், தயங்காமல் வங்கியையே முதலில் எடுக்கலாம். அத்தகைய கட்டாயம் இல்லாதவருக்கே அடுத்து வரும் ஒப்பீடு.

வலையமைப்புக் கண்காணிப்பு மையம், தரவு மையம், சர்வர் பராமரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த துறைதான் சிக்னல்ஸ் வீரர் படையில் கற்றதற்கு மிக நெருக்கமாக அமைந்த வழி. கடலடிக் கம்பிவடங்கள் கரையேறும் நகரம் என்பதால் சென்னையில் தரவு மையங்கள் பெருகியிருக்கின்றன. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அவற்றைக் காணலாம். தமிழ்நாடு அரசும் 2021-இல் இதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. இவை இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குபவை. மின்சாரம், குளிரூட்டல், நுழைவுக் கட்டுப்பாடு, கம்பிவட ஒழுங்கு எல்லாமே அங்கு முக்கியம். ஷிப்ட் முறையைத் தண்டனையாகக் கருதாத மனிதர்கள் அங்கே அரிது, அதனால் மதிப்பும் உண்டு. தொடக்க ஊதியம் வங்கி எழுத்தருடையதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். பென்ஷன் இருப்பதால்தான் அந்தக் குறைந்த ஊதியத்தைத் தாங்க முடிகிறது. கல்லூரியிலிருந்து நேரே வரும் இளைஞருக்கு இல்லாத இந்த வசதியைக் கௌரவக் கணக்குப் பார்த்து வீணாக்கக் கூடாது. குடும்பத்தின் மருத்துவச் செலவை முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ் பார்த்துக்கொள்வதால், நிறுவனத்தின் காப்பீட்டுக்காக ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலையும் இல்லை.

இந்தத் துறைக்குத் தேவையான சான்றிதழ்கள் இரண்டே. வலையமைப்புக்கு சிஸ்கோவின் சிசிஎன்ஏ. சர்வருக்கு ரெட்ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ. இரண்டாவது தேர்வு முழுவதும் செய்முறை, எந்திரத்தின் முன் அமர்ந்து கேட்டதைச் செய்து காட்ட வேண்டும் என்பதால், மனப்பாடத்துக்கு அங்கே இடமில்லை. அதனாலேயே அதற்கு மதிப்பு. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் இயங்குதளத்திலோ, 2023-இல் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்த மாயா இயங்குதளத்திலோ பழகியவருக்குக் கட்டளை வரி புதிதல்ல; பாதி வழி கடந்தவராகவே தொடங்குகிறார். இந்தச் சான்றிதழ்கள் மூன்று ஆண்டுகளே செல்லும் என்பதால், டிஸ்சார்ஜுக்கு ஐந்து ஆண்டு முன்பே எழுதுவதில் பயனில்லை. கடைசி ஆண்டில் எழுதுவதே சரி. பயிற்சிக்கு சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருள் இலவசம். கையால் தொட்டுப் பார்க்க விரும்புபவர் சென்னை ரிச்சி தெருவில் பழைய சுவிட்சுகளைத் தேடலாம். பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுகுடியமர்வுத் தலைமை இயக்ககம் சேவையின் இறுதிக் கட்டத்தில் நடத்தும் பயிற்சிகளில் ஜவான்களுக்கும் ஜேசிஓ எனப்படும் இளநிலை அதிகாரிகளுக்கும் கட்டணம் கிடையாது. அந்தப் பட்டியலில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் போன்ற பயிற்சிகளோடு கணினிப் பயிற்சிகளும் இருக்கும். நண்பர்கள் எதில் சேருகிறார்களோ அதில் சேர்ந்து அந்த மாதங்களைக் கழிப்பது பெரும் இழப்பு.

சைபர் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இன்று ஒரு கவர்ச்சி இருக்கிறது. படையிலிருந்து வருபவருக்கு அது இயல்பான துறை என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. அந்த நம்பிக்கை பாதி சரி. இந்தத் துறையில் இந்தியாவில் வேலைகள் உருவாவதற்கு உறுதியான காரணங்கள் இருக்கின்றன. வங்கிகள் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் நடத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 ஜூனில் வெளியிட்ட கட்டமைப்பு கோருகிறது. இணையத் தாக்குதல்களைக் கண்டறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. சட்டம் கேட்பதால் நிறுவனங்கள் ஆட்களை வைத்தாக வேண்டும். கண்காணிப்பு மையத்தின் முதல்நிலைப் பணி, திரையில் வரும் எச்சரிக்கைகளில் எது உண்மையான ஆபத்து, எது பொய்யானது என்று பிரித்து, வரையறுத்த நேரத்துக்குள் மேலே அனுப்புவது. இரவுக் காவலில் சலிக்காமல் விழித்திருந்து, சிறிய மாறுதலையும் கவனித்துப் பழகியவருக்கு இது ஒத்துவரும்.

நம்பிக்கையின் மறுபாதி தவறாவது எங்கே என்றால், பாதுகாப்பு என்பது வலையமைப்பையும் இயங்குதளத்தையும் அறிந்தவர் அதன் மேல் கட்டும் இரண்டாம் தளம். ஒரு பாக்கெட், அதாவது தரவின் சிறு துண்டு, வலையமைப்பில் எப்படிப் பயணிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர், அது எங்கே வழிமறிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. சில மாதங்களில் எத்திகல் ஹேக்கர் ஆக்குவதாக விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்களில் ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக மொத்தமாகக் கிடைக்கும் கம்யூட்டேஷன் பணத்தைக் கட்டுவதற்கு முன், வலையமைப்புப் பணியில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு அதே நிறுவனத்துக்குள் பாதுகாப்புக் குழுவுக்கு நகர்வது நிச்சயமான பாதை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஊடுருவிச் சோதிக்கும் வேலையில் ஆர்வமுள்ளவருக்கு ஓஎஸ்சிபி என்ற தேர்வு உண்டு. ஏறத்தாழ இருபத்துநான்கு மணி நேரம் நீளும் செய்முறைத் தேர்வு அது. மன உறுதி மட்டும் போதாது, நிரல் எழுதவும் தெரிய வேண்டும். சுபேதார் நிலையில் பல ஆண்டுகள் தகவல் பாதுகாப்பு விதிகளை நடைமுறைப்படுத்தியவருக்கோ, தணிக்கைப் பக்கம் இன்னும் பொருத்தமானது. தகவல் பாதுகாப்பின் எட்டுத் துறைகளுள் இரண்டிலாவது ஐந்து ஆண்டு பணி அனுபவம் கேட்கும் சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு அவருடைய படைச் சேவையே அனுபவமாக அமையக்கூடும். தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001-இன் தணிக்கையாளர் பணியும் அதை ஒட்டியது. நாற்பது வயதும் நரைத்த மீசையும் சாதகமாக அமையும் இடம் தகவல் தொழில்நுட்பத் துறையில் தணிக்கை மட்டும்தான் என்றுகூடச் சொல்லலாம்.

மென்பொருள் உருவாக்கம் பற்றி நீண்டு எழுத ஏதுமில்லை. படையில் நிரல் எழுதியே பழகாத ஒருவர் நாற்பது வயதில் அதைத் தொடக்கத்திலிருந்து கற்று, கல்லூரி வளாகத் தேர்வில் எடுக்கப்படும் இளைஞர்களோடு போட்டியிடுவது இந்தப் பட்டியலிலேயே மிகக் கடினமான வழி. தொடக்கநிலைப் பணிகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சுருக்கிவரும் காலத்தில் இன்னும் கடினம். தன் பிரிவுக்காகத் தரவுத்தளம் அமைத்தவர், பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதியவர் என்று சிலர் இருப்பார்கள். அவர்கள்கூட வலையமைப்புத் தானியக்கம் என்ற பக்கத்துக் கதவின் வழியாக நுழைவது எளிது.

பாதுகாப்புத் தளவாடத் துறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களைக் கொண்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019-இல் தொடங்கப்பட்டது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துக்குச் சென்னை நந்தம்பாக்கத்தில் ஆலை இருக்கிறது. வானொலி, ட்ரோன், கண்காணிப்புக் கருவி செய்யும் சிறு நிறுவனங்களும் வளர்கின்றன. இவற்றில் களச் சோதனைக்கும் பராமரிப்புக்கும் பயிற்சிக்கும் கருவியை உண்மையாகவே பயன்படுத்தியவர் தேவைப்படுகிறார். பதுங்குகுழியில் கையுறை அணிந்த விரலால் அந்தப் பொத்தானை அழுத்த முடியுமா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் வடிவமைப்புக் கூட்டத்தில் இருப்பதன் பயன் பெரிது. படையின் மொழி புரியும் சூழல், மரியாதை, அனுபவம் நேரடியாகப் பயன்படும் நிறைவு எல்லாம் இங்கே கிடைக்கும். குறை என்னவென்றால், ஒப்பந்தப் பணிகள் அதிகம். படையின் கொள்முதல் தாமதமானால் நிறுவனத்தின் வருவாயும் தாமதமாகும். சோதனைக்காக மறுபடியும் ராஜஸ்தானுக்கோ லடாக்குக்கோ போக வேண்டியிருக்கும். ஊரில் இருக்க வேண்டும் என்பதற்காக வெளிவந்தவர் இதை முன்கூட்டியே குடும்பத்தோடு பேசிவிட வேண்டும்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீரர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி பெற்றவரைப் பாதுகாப்பு ஒப்பந்த நிறுவனங்கள் தேடி எடுக்கின்றன. சேவையின் கடைசி 180 நாட்கள் வரை தனியார் நிறுவனத்தில் பயிற்சி பெற ஸ்கில்பிரிட்ஜ் என்ற திட்டம் இருக்கிறது. தொடக்கநிலைக் கணினிப் பாதுகாப்புச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸை அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையே பல பணிகளுக்கு ஏற்கிறது. இந்தியாவில் வெளியே எடுத்துச் சென்று காட்டத்தக்க அத்தகைய அனுமதி முறை இல்லை. ஆகவே அங்கே முதல் சான்றிதழாகச் சொல்லப்படும் செக்யூரிட்டி பிளஸ், இங்கே சிசிஎன்ஏ அளவுக்குக் கதவைத் திறப்பதில்லை என்பது என் கணிப்பு.

எந்த வழியானாலும் தன்விவரக் குறிப்பு எழுதும்போது 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் நினைவில் இருக்க வேண்டும். பிரிவின் பெயர், இடம், அலைவரிசை, குறியாக்கக் கருவியின் பெயர், படைக்கென அமைந்த திட்டத்தின் பெயர் எதையும் எழுதக் கூடாது. எழுதத்தக்கவை சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த தொழில்நுட்பங்கள்: வலையமைப்பை விலான்களாகப் பிரித்தது, ஓஎஸ்பிஎஃப் என்ற வழித்தட நெறிமுறையை அமைத்தது, ஃபயர்வால் விதிகளைச் சீரமைத்தது, பழுதுகளைக் குறித்த நேரத்துக்குள் சரிசெய்த குழுவை வழிநடத்தியது. இன்னொன்று, நேர்காணலில் வீரர்கள் நாங்கள் செய்தோம் என்றே பேசுவார்கள். படையில் அது பண்பு. எதிரே இருப்பவருக்கோ அதில் உங்கள் பங்கு எது என்று தெரிய வேண்டும். நான் இதைச் செய்தேன் என்று சொல்வது தற்பெருமை ஆகாது. சேர்ந்த பிறகு இருபத்தாறு வயதுக் குழுத்தலைவர் பெயர் சொல்லி அழைப்பார். பதவிப் பட்டையும் சல்யூட்டும் இல்லாத அந்த உலகில் முதல் ஆறு மாதங்கள் கடினமாகவே இருக்கும், அதற்கு மனதளவில் தயாராவதும் சான்றிதழ் அளவுக்கு முக்கியம்.

அக்னிவீரர்களுக்கு இந்தக் கணக்கு முழுவதும் மாறுகிறது. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணியினரின் நான்கு ஆண்டுகள் 2026 இறுதியை ஒட்டி முடிகின்றன. 25 விழுக்காடு வரை மட்டுமே நிரந்தரச் சேவைக்கு எடுக்கப்படுவார்கள். வெளிவருபவருக்குப் பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. கையில் இருப்பது ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி என்ற ஒட்டுமொத்தத் தொகையும், இருபதுகளில் உள்ள வயதும். மேலே சொன்ன வங்கி ஒதுக்கீட்டு வாதம் அவருக்குச் செல்லாது. குறைந்த ஊதியத்தில் தொடங்கித் தாங்கிக்கொள்ளப் பென்ஷன் இல்லாததால், முதல் செலவு பட்டப்படிப்பாகவே இருக்க வேண்டும். படைப் பயிற்சிக்கு 50 விழுக்காடு கிரெடிட் (பாடத் தகுதிப் புள்ளி) அளித்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ வழங்கும் மூன்றாண்டுத் திறன்சார் பட்டம் அவர்களுக்கென்றே அமைந்தது. அது கையில் இருந்தால் பட்டம் கேட்கும் முதல் சல்லடையைத் தாண்டலாம். நாற்பது வயது ஹவில்தாருக்கு நான் பரிந்துரைக்காத மென்பொருள் வழி இந்த வயதினருக்குத் திறந்தே இருக்கிறது. சேவா நிதியை வாகனத்திலோ அவசரத் திருமணத்திலோ கரைக்காமல், இரண்டு ஆண்டுப் படிப்புக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் பிரித்து வைத்துவிட்டு, டிஸ்சார்ஜுக்கு ஓராண்டு முன்பே பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறாரா என்பதைப் பெற்றோர் இப்போதே கேட்க வேண்டும்.